நீ போட்ட சுண்ணாம்புக் கோடு

நேற்றுக் காலை டேப்பைத் தேடிப் பரணிலிருந்து பழைய டிராயிங் பெட்டியை இறக்கினேன். மூடியைத் திறந்ததும் சந்தனப் பவுடர் வாசனை வந்தது. ஸ்கேல், மை காய்ந்துபோன பேனா, பாதி தேய்ந்த சிவப்புப் பென்சில், இவற்றுக்கு நடுவில் உன் பவுடர் டப்பா. டிரேசிங் துணியில் மை பிடிக்காமல் வழுக்கினால் ஒரு சிட்டிகை தூவித் துடைத்துவிட்டுத்தான் கோடு போடுவாய். கையில் மிச்சம் ஒட்டியிருப்பதைக் கழுத்தில் பூசிக்கொள்வாய். வேலை நேரத்தில் இதென்ன சிங்காரம் என்று நான் கேட்டால், "நீயும் கொஞ்சம் பூசேன்டி, வேர்த்து வடியிற" என்பாய். டப்பாவைக் குலுக்கிப் பார்த்தேன். அடியில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

நீ போய் இரண்டு வருடமாகிறது. இந்த இரண்டு வருடமும் என் மனதில் ஒரே கேள்விதான். நீ என்மேல் கோபத்தோடு போனாயா? கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்கு என் கோழைத்தனம்தான் காரணம், வேறு யாரையும் சொல்ல முடியாது. நேற்று அதற்குப் பதில் கிடைத்தது. கிடைத்த பிறகு மனது லேசாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வீடு கட்டி முடித்துத் தை மாதம் குடிவந்துவிட்டேன். முன்பக்கம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. கொல்லைப்பக்கம் போனால் அழுகை வரும். உடைந்த டைல்ஸ், சல்லி, கலவை கொட்டிக் காய்ந்துபோன திட்டு, சாக்குத் துணுக்கு. அதற்குள் புல் பூண்டுகூட முளைக்கவில்லை. மொட்டை வெயிலில் கண்ணைக் கூச வைக்கும் வெறும் மண். அதில் நிற்கிற ஒரே உயிர் நம் புங்கை மரம்தான், கிழக்குச் சுவரை ஒட்டி.

மருமகளுக்கு அங்கே கொரியன் புல் வேண்டுமாம். பெங்களூரிலிருந்து போனில் படம் அனுப்பினாள். பச்சைக் கம்பளம் விரித்தது போலப் புல், ஓரத்தில் வெள்ளைக் கூழாங்கல், நடுவில் தண்ணீர் கொட்டுகிற ஒரு பானை. தோட்டம் போட்டுத் தருகிற ஆள் ஒருவரை என் பையனே பேசி அனுப்பி வைத்தான். அழகர்கோவில் ரோட்டில் நர்சரி வைத்திருக்கிறவர். முந்தாநாள் வந்து கொல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மரத்தடியில் போய் நின்றார். வெயிலுக்கு ஒதுங்க அதைவிட்டால் வேறு இடமும் இல்லை.

"இது ஒண்ணுதாம்மா இடைஞ்சல். இதோட நெழலுக்குப் புல்லு வராது. பொழுதன்னிக்கும் சருகக் கொட்டிக்கிட்டே கெடக்கும். எடுத்துருவமா?"

நிழலில் நின்றுகொண்டே கேட்கிறார் மனுஷன்.

"மொதல்ல அளவு வரட்டும். அப்பறம் பேசுவோம்" என்றேன்.

"நாளைக்கு நம்ம பையன அனுப்பி அளந்துக்கிறேம்மா."

"முப்பத்தோரு வருஷம் நெலத்தோட அளவச் சரிபாத்தவ நான். எனக்கு அளக்க ஆள் அனுப்புறீங்களா?" என்றேன். கொஞ்சம் கடுப்பாகத்தான் சொல்லிவிட்டேன். அவர் என்ன செய்வார் பாவம். மரத்தை எடுப்போமா என்று ஒருவர் என்னிடம் கேட்பது அது இரண்டாவது தடவை. முதல் தடவை நான் சொன்ன பதில்தான் என்னை அப்படிப் பேச வைத்தது.

தல்லாகுளத்தில் நம் சர்வே ஆபீசில் உன் மேஜையும் என் மேஜையும் முகம் பார்த்துக் கிடந்தது நினைவிருக்கிறதா? இருபத்தாறு வருடம். சர்வேயர்கள் வெயிலில் அலைந்து குறித்துக்கொண்டு வரும் அளவை நீ வரைபடமாக்குவாய். நான் சரிபார்ப்பேன். படத்தின் கீழே வலது மூலையில் இரண்டு கட்டம் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர். உன் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்து இல்லாமல் ஒரு படமும் அந்த அறையை விட்டுப் போனதில்லை. நீ தப்புச் செய்கிறவள் இல்லை. ஆனால் மாதத்தில் ஒரு நாள், உன் மகளுக்குக் காய்ச்சல் என்றோ பேரையூரில் உன் அண்ணன் வீட்டில் ஏதோ தகராறு என்றோ மனது எங்கேயாவது போயிருக்கும் நாளில், ஒரு கோடு மயிரிழை நகர்ந்திருக்கும். நான் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு, அறையே திரும்பிப் பார்க்கிற மாதிரி வைவேன். நீ சிரித்துக்கொண்டே அழிப்பாய்.

"இம்புட்டுப் பேச்சு வாங்கிட்டுச் சிரிக்கிறயேடி" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீ வையிறப்ப எனக்கென்ன பயம்? பேசாம இருந்தேன்னாத்தான் பயமா இருக்கும்" என்றாய்.

அடுத்தடுத்த மனையாக நாம் வாங்கிய நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஆளுக்கு ஐந்தரை சென்ட், நாற்பது அடிக்கு அறுபது அடி. பத்திரம் பதிந்த கையோடு உன் ஸ்கூட்டரில் புங்கங்கன்று ஒன்றைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு போனோம். நடுவில் இருந்த எல்லைக் கல்லிலிருந்து கயிறு பிடித்து, மிகச் சரியாக இரண்டு மனைக்கும் நடுக்கோட்டில் குழி தோண்டினாய். எல்லையில் நிற்கிற மரத்துக்காக அண்ணன் தம்பி அரிவாள் எடுத்த மனுக்களை எத்தனை பார்த்திருக்கிறோம்! தென்னை யாருக்கு, காய் யாருக்கு, விழுந்த மட்டை யாருக்கு என்று. அதையெல்லாம் பார்த்துவிட்டு நாமே போய் வேண்டுமென்று எல்லைக் கோட்டில் மரம் வைத்தோம்.

"நாளைக்கு நம்ம ரெண்டு பேருக்கும் சண்டை வந்தா யாருடி வந்து அளக்கிறது?" என்றேன்.

"நான் அளக்கிறேன், நீ சரிபாரு. அம்புட்டுத்தான்" என்றாய்.

நடுவில் சுவரே வேண்டாம் என்பதுதான் பேச்சு. இரண்டு வீடு, ஒரே கொல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கேனில் தண்ணீர் கட்டிக்கொண்டு போய்க் கன்றுக்கு ஊற்றிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து பழைய டிரேசிங் தாளின் பின்பக்கம் கொல்லையை வரைவோம். நான் அடைத்துக்கொண்டே போவேன். கறிவேப்பிலை, முருங்கை, சாக்கடைத் தண்ணீர் போகிற வழியில் வாழை, முல்லைக்கு ஒரு பந்தல், மருதாணி. நீ அழித்துக்கொண்டே வருவாய். நடுவில் பெரிதாக ஒரு கட்டம் போட்டு 'வெறுந்தரை' என்று எழுதுவாய். வத்தல் காயப்போட, துணி உலர்த்த, சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார இடம் வேண்டாமா என்பாய். எல்லா இடத்திலும் எதையாவது நட்டுவிட்டால் மனுஷி எங்கே நிற்பது என்று கேட்பாய். அதற்கு நம் இருவருக்கும் நடந்த சண்டையைப் பார்த்து, அந்த வழியாக ஆடு ஓட்டிக்கொண்டு போனவர் நின்று சமாதானம் பேசினார்.

பிறகு உனக்கு வந்தது அந்த நோய். அதே சமயத்தில் என் வீட்டில் கட்டடப் பேச்சு. என் வீட்டுக்காரர் போனதிலிருந்து எல்லாவற்றையும் பையன்தான் முடிவு செய்கிறான். "மொதல்ல காம்பவுண்டு சுவரு போட்ருவோம்மா. அவங்க இருக்கிற நெலமையில அங்க வீடு கட்டப்போறது இல்ல. நாளைக்கு அந்த மனை யாருகிட்டப் போகும்னு நமக்கென்ன தெரியும்?" என்றான். நான் சாதத்தைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் சொன்னதில் தப்பு என்று சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. நீ மருந்து ஏற்றிக்கொண்டு படுத்திருக்கிறாய், இங்கே என் சாப்பாட்டு மேஜையில் நீ இல்லாமல் போன பிறகு என்ன என்று பேசி முடித்துவிட்டார்கள். நான் குழம்பு ஊற்றிக்கொண்டேன்.

கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, மரம் சரியாக நடுவில் நிற்கிறது, வெட்டினால்தான் சுவர் நேராகப் போகும் என்றார். நான் தலையாட்டினேன். வாயைத் திறந்து 'வெட்டுங்கள்' என்று சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினேன். அது சொன்னதற்குச் சமம்தான். அன்று மத்தியானம் உனக்குப் போன் செய்து, சுவர் போடப் போகிறார்கள் என்றேன். நீ, "மரம்?" என்றாய்.

"கொத்தனாரு என்னமோ சொல்றாரு."

"நாளைக்குக் காலையில நானே வாரேன். நான் வந்து கோடு போட்டதுக்கு அப்பறந்தான் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டணும்" என்றாய்.

ஆட்டோவில் வந்தாய், மகளைக் கூட்டிக்கொண்டு. தலையில் முந்தானையை இழுத்து மூடியிருந்தாய். மருந்தில் முடி கொட்டிப்போய்ப் பின்னல் இல்லாத உன் தலையைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இளநீர் வாங்கிவருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். மெயின் ரோட்டுக்குப் போய்த் திரும்ப அரைமணி நேரம் ஆகும் என்று தெரிந்துதான் போனேன். உன் முகத்துக்கு நேரே நின்று, நம் எல்லையை அளப்பதைப் பார்க்க என்னால் முடியாது.

திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. முன்பக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் சுண்ணாம்புத் தூளில் ஒரு கோடு, நூல் பிடித்தது போல. மரம் என் பக்கத்தில் நின்றது. கோடு அதைத் தொடாமல் அந்தப் பக்கமாகப் போனது. "அன்னிக்கி நட்டப்ப உன் பக்கம் கொஞ்சம் தள்ளி வச்சிட்டோம்போல. மரத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்றாய். மூச்சு வாங்கியது உனக்கு. டேப்பை என்னிடம் நீட்டினாய்.

"இந்தா, சரிபாத்துக்க."

"நீ போட்ட கோட்டுல பாக்க என்ன இருக்கு?"

"பாருடி."

நான் பார்க்கவில்லை. இளநீரை உன் கையில் கொடுத்துவிட்டு டேப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். நம்பிக்கையினால்தான் பார்க்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குனிந்து அளந்தால் நிமிரும்போது உன்னைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதுதான் உண்மை. நீ இரண்டு வாய் குடித்துவிட்டு இளநீரை மகளிடம் கொடுத்தாய். ஆட்டோவில் ஏறும்போது திரும்பி ஒரு தடவை மரத்தைப் பார்த்தாய், என்னைப் பார்க்கவில்லை. அதைத்தான் கோபம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு நீ மூன்று மாதம் இருந்தாய். நான் ஆஸ்பத்திரிக்கு வந்தது நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய். எதற்கோ காத்திருக்கிற பார்வை அது. நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று காத்திருக்கிறாய் என நினைத்துக்கொண்டு, ஆரஞ்சு உரித்துக்கொடுத்து, ஆபீஸ் கதைகளைச் சொல்லி ஓட்டினேன். கடைசித் தடவை நீயாகவே கேட்டாய்.

"புங்கை எப்படி இருக்கு? அதுக்கு எடம் பத்துதா?"

"மரத்துக்கு என்னடி எடம். நீ கண்ண மூடித் தூங்கு" என்றேன்.

நீ தூங்கவில்லை. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

சரி, நேற்று நடந்ததைச் சொல்கிறேன். பெட்டியில் டேப்பும் இருந்தது, வளையம் உடைந்த இடத்தில் நீ சிவப்பு நூல் கட்டிய அதே டேப். கொல்லையை அளக்கப் போனேன். மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை, அதனால் மேற்குச் சுவரடியில் நூலின் மேல் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு, கிழக்குச் சுவர் வரை இழுத்துக்கொண்டு போனேன். நாற்பத்திரண்டு அடி காட்டியது. டேப் தொய்ந்திருக்கும் என்று இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். நாற்பத்திரண்டு. செங்கல் நகர்ந்திருக்கும் என்று திரும்பப் போய்ப் பார்த்தேன், நகரவில்லை. மூன்றாவது தடவை இடத்தை மாற்றி அளந்தேன். பத்திரத்தில் என் மனையின் அகலம் நாற்பதுதான். வீடு கட்டிய எஞ்சினியர் மேற்கு எல்லையிலிருந்து அளந்து வீட்டைப் போட்டார், கிழக்கே மிச்சம் எவ்வளவு என்று யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

பிறகு பின்மூலைக்குப் போய், கிழக்குச் சுவரிலிருந்து என் பக்கமாக இரண்டடி அளந்து, கடப்பாரையால் சல்லியைக் கிளறினேன். ஒரு சாண் போனதும் ணங்கென்று பட்டது. நம் எல்லைக் கல். தலையில் நாம் அடித்த வெள்ளை இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அங்கிருந்து முன்பக்கமாகக் கண்ணை ஓட்டினால் நேர்கோட்டில் புங்கையின் நடுத்தண்டு நிற்கிறது. மரம் நகரவே இல்லை. நீ சுவரை உன் மனைக்குள் இரண்டடி தள்ளிப் போட்டிருக்கிறாய். மயிரிழை நகர்ந்தால் என்னிடம் வசவு வாங்குகிறவள், முழுசாக இரண்டடி.

வெயிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று எழுதுவதற்கு வெட்கப்படவில்லை. எழுந்து வீட்டுக்குள் வந்து, கோயம்புத்தூரில் இருக்கும் உன் மகளுக்குப் போன் செய்தேன். நாற்பத்திரண்டு அடி என்று மட்டும்தான் சொன்னேன். அவள் கேட்டாள்:

"பெரிம்மா, இப்பத்தான் அளந்தீங்களா?"

அந்தக் கேள்வியில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இல்லை.

"அன்னிக்கி நான்தான் டேப்போட அந்த முனையப் பிடிச்சேன். ரெண்டடி கூடப் போகுதேம்மான்னு சொன்னேன். பேசாமப் பிடின்னாங்க. 'அவ கண்ணுக்கு ஒரு இஞ்சு தப்பாது. ஒரு வாரத்துல அளந்து பாத்துட்டு எனக்குப் போன் போட்டு வைவா. சுவரு விசயத்துல என்கிட்டப் பேச முடியாமத் தவிக்கிறாடி. வையிறதுக்காவது போன் போடட்டும்'னாங்க. ஆஸ்பத்திரிக்கு நீங்க வந்துட்டுப் போறப்பல்லாம், 'இன்னும் அளக்கல போல'ன்னு சொல்லுவாங்க."

"நீயாவது சொல்லியிருக்கலாமே தாயி."

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க பெரிம்மா. அது நீங்களாத்தான் பாக்கணுமாம்."

ஆக, கோபம் இல்லை. உன் முகத்தில் நான் கோபம் என்று பார்த்ததெல்லாம், என் வாயிலிருந்து ஒரு வசவு வராதா என்று நீ காத்திருந்ததுதான். மூன்று மாதம் காத்திருந்திருக்கிறாய். மரத்துக்கு இடம் பத்துகிறதா என்று கேட்டுக்கூடப் பார்த்தாய். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். நீ பயப்படுவது நான் பேசாமல் இருந்தால்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கடைசி மூன்று மாதமும் நான் பேசாமல்தான் இருந்தேன்.

அந்த இரண்டடியை என்ன செய்யட்டும் என்று உன் மகளிடம் கேட்டேன். "அது அம்மா மரத்துக்குக் குடுத்தது பெரிம்மா, நாம யாரு பேசுறதுக்கு?" என்றாள். ஆனாலும் கல்லைத் தோண்டி எடுக்கவோ மூடிவிடவோ மாட்டேன். சுற்றிக் கிடந்த சல்லியை அள்ளிவிட்டு, தலைக்குப் புதிதாக வெள்ளையடித்துவிட்டேன். நாளைக்கு யார் வந்து பார்த்தாலும் எது யாருடைய மண் என்று தெரியட்டும். மரத்துக்கு நேரே பத்தடிச் சுவரை இடித்துவிடப் போகிறேன். அதை அவளிடம் சொன்னபோது அவள் அழுதுகொண்டே சிரித்தாள், அப்படியே உன் சிரிப்பு. பையனிடமும் சொல்லியாயிற்று. "என்னம்மா இது, சொன்னா சிரிப்பாங்க" என்றான். "சிரிக்கட்டும்டா. அந்தச் சுவரு போட்ட அன்னிக்கே நான் வாயத் தொறந்திருக்கணும்" என்றேன். நர்சரிக்காரரிடம் புல் வேண்டாம், கறிவேப்பிலைக் கன்றும் முல்லைக்கொடியும் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன். மரம் இருக்கட்டுமா என்று திரும்பவும் கேட்டார். இந்தத் தடவை தலையை ஆட்டவில்லை. வாயைத் திறந்து, அது மேல் கை வைக்கக் கூடாது என்று சொன்னேன்.

இன்று விடிந்ததிலிருந்து சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்துக் கொல்லையை வரைந்துகொண்டிருக்கிறேன். இரண்டு மனையையும் சேர்த்து ஒரே கொல்லையாக. நடுவில் நீ சொன்ன வெறுந்தரையைப் போட்டிருக்கிறேன், நான் கேட்டதில் பாதியை அழித்துவிட்டு. மரத்தடியில் இரண்டு நாற்காலி. ஒன்று போதும் என்று கை சொன்னது, இரண்டாகத்தான் போட்டேன். கோடு போடும் முன் உன் டப்பாவிலிருந்து கொஞ்சம் தூவித் துடைத்தேன். வெறும் தாளுக்கு அது தேவையில்லை. விரலில் மிச்சம் இருந்ததைக் கழுத்தில் பூசிக்கொண்டேன்.

கடைசியில் வலது மூலையில் இரண்டு கட்டம் போட்டேன். வரைந்தவர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதினேன். சரிபார்த்தவர் என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டு, எழுந்து கொல்லைக் கதவைத் திறந்து, அந்த மொட்டை மண்ணில் இறங்கி மரத்தடியில் போய் நின்றேன். இரண்டு வருடமாக உனக்குக் கொடுக்காமல் வைத்திருந்ததை, ஆபீசில் பேசுகிற அதே குரலில், தெருவுக்கே கேட்கிற மாதிரி கொடுத்தேன்.

"என்னடி கோடு போட்டிருக்க? ரெண்டடி தள்ளிப் போயிருக்கு. கண்ணு எங்கடி இருந்துச்சு உனக்கு?"

பிறகு உள்ளே வந்து கையெழுத்துப் போட்டேன்.